வன்முறை விளையாட்டுகள் எடுக்கும் பாடம்

2020 ஜூன் மாதம் போலந்துப் பிரதமர் மாத்தேயுஷ் மொராவியெட்ஸ்கி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் நூல்களின் வரிசையில் இனி ஒரு வீடியோ கேமும் இருக்கும் என்றார். கணக்கோ இலக்கணமோ சொல்லித்தருகிற கேம் இல்லை அது. திருட்டு, கொலை, பட்டினி, தற்கொலை எல்லாம் அதற்குள் உண்டு. அதனாலேயே 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்ற முத்திரையோடு விற்பனைக்கு வந்தது. பெயர் ‘திஸ் வார் ஆஃப் மைன்’. வார்சாவில் இயங்கும் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்டது.

ஒரு நாட்டின் பள்ளிக் கல்வி, வன்முறை நிறைந்த ஒரு கேமை ஏன் தேடிப் போனது? உணர்ச்சியோடு கற்பது எப்படி நடக்கிறது என்று யோசிக்கும் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

போரைப் பற்றிய கேம்களில் வழக்கமாக நம் கையில் துப்பாக்கி இருக்கும். இதில் நாம் ஊர்மக்கள். பாவ்லே கால்பந்து ஆட்டக்காரர், வேகமாக ஓடுவார். புரூனோ சமையல்காரர். கட்டியா பத்திரிகையாளர், பேரம் பேசத் தெரிந்தவர். முற்றுகையிடப்பட்ட நகரத்தில், குண்டு துளைத்த ஒரு வீட்டில் ஒண்டியிருக்கிறார்கள். பகலில் மறைந்திருந்து சுடுகிறவர்களுக்குப் பயந்து வெளியே தலைகாட்ட முடியாது. இருட்டிய பின் ஒருவர் மட்டும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு போய், இடிந்த வீடுகளில் கிடைப்பதைப் பொறுக்கி வர வேண்டும். பையில் இடம் குறைவு. மருந்தை எடுத்தால் விறகை விட்டுவர வேண்டியிருக்கும். 1992 முதல் 1996 வரை, ஏறத்தாழ 1,425 நாள் நீடித்த சரயேவோ முற்றுகைதான் இந்தக் கேமுக்கு மூலம்.

பொறுக்கப் போகும் இடங்களில் ஒன்று வயதான தம்பதியின் வீடு. அங்கே ஆயுதம் இல்லை, காவல் இல்லை, எதிர்ப்பவர் யாரும் இல்லை. அலமாரியில் உணவும் மருந்தும் இருக்கின்றன. நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகிறது. பாவ்லே அலமாரியைத் திறந்ததும் பெரியவர் பின்னாலேயே வந்து நிற்பார், எடுத்துக்கொண்டு போகாதே என்று கெஞ்சுவார். அடிக்க மாட்டார். அவரால் முடியாது. பொத்தானை அழுத்தினால் பொருள் பைக்குள் வந்துவிடும், அவ்வளவு சுலபம். மிரட்டும் இசையோ சிவப்பாகும் திரையோ இல்லை, இது தவறு என்று எந்தக் குரலும் சொல்வதில்லை.

விடிந்த பிறகுதான் தெரியவரும். பாவ்லே சோகமாக இருக்கிறார் என்று ஒரு சிறு குறிப்பு தோன்றும். நடை தளர்ந்திருக்கும். கூட இருப்பவர்களுக்கும் மனம் சரியிருக்காது. உணவு வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டது, ஆனால் வீட்டில் யாரும் நிமிர்ந்து நடப்பதில்லை. துயரம் முற்றினால் அந்த ஆள் நாம் சொல்வதைச் செய்யவே மாட்டார். வீட்டைவிட்டுப் போய்விடலாம், உயிரையும் மாய்த்துக்கொள்ளலாம். நேற்றைய இரவுக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி செய்து பார்ப்போம் என்றால் அதற்கும் இடமில்லை. நாள் முடிந்ததும் கேம் தானாகவே சேமித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது.

சினிமாவில் நாயகன் தவறு செய்தால் கோபம் வரும். வில்லன்மேல் வெறுப்பு வரும், சாகிறவன்மேல் இரக்கம் வரும். ஐயோ, இப்படிச் செய்துவிட்டேனே என்கிற தவிப்பு மட்டும் வராது. செய்தது நாம் இல்லையே! கேம் ஆடும் பையனைப் பாருங்கள், திரையில் இருக்கிற உருவம் விழுந்ததும் ‘செத்துட்டேன்’ என்பான். ஆட்டத்தில் நடப்பதெல்லாம் அவனுக்குத் தன்மையில்தான் நடக்கிறது. விளையாட்டு வடிவமைப்பு ஆய்வாளர் கேத்ரின் இஸ்பிஸ்டர், விளையாட்டுகளும் உணர்ச்சிகளும் பற்றி 2016-இல் எழுதிய நூலில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: தேர்வு செய்யும் உரிமை ஆடுபவரிடம் இருப்பதால், பெருமிதமும் குற்ற உணர்ச்சியும் பிற கலைகளில் முடியாத அளவுக்கு நேரடியாக எழுகின்றன.

இந்த இடத்தில் பெற்றோரின் கவலைக்குப் பதில் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. வன்முறை கேம் ஆடும் பிள்ளை வன்முறையாளனாகிவிடுவானா? கொலை போன்ற குற்றங்களுக்கும் கேம்களுக்கும் தொடர்பு காட்டப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் கழகம் 2020-இல் சொன்னது. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறு மூர்க்கங்களோடு சிறிய தொடர்பு தென்படுகிறது என்பதையும் அதே அறிக்கை மறைக்கவில்லை. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரை வைத்து 2019-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு அந்தத் தொடர்பையும் காணவில்லை. வயது முத்திரைகள் காரணத்தோடுதான் ஒட்டப்படுகின்றன, அவற்றை மதிக்கத்தான் வேண்டும். என் அக்கறை வேறு இடத்தில். இந்தக் கேம்களைச் செய்கிறவர்கள், மனிதரைத் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வைக்கும் ஒரு தொழில்நுட்பத்தை வளர்த்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் அதை இன்னும் கையில் எடுக்கவில்லை.

அந்தத் தொழில்நுட்பத்துக்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை என்று காட்டியவர் பிரெண்டா ரொமேரோ. ‘விசார்ட்ரி’ என்ற புகழ்பெற்ற கேம் வரிசையில் 1980-களின் தொடக்கத்திலிருந்தே பணியாற்றிய அமெரிக்க வடிவமைப்பாளர். ஏழு வயது மகள் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, இன்றைக்கு அடிமை வணிகக் கப்பல்கள் பற்றிப் படித்தோம் என்றாள். ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து அட்லாண்டிக் கடலைக் கடந்து கொண்டுபோன பாதை அது. கற்றதை வரிசையாக ஒப்பித்துவிட்டு, விளையாடப் போகலாமா என்று கேட்டாள். தாய்க்கு மனம் ஆறவில்லை. குழந்தை அத்தனை தகவலையும் தெரிந்து வைத்திருந்தாள், ஒன்றும் உள்ளே போகவில்லை.

மகளிடம் சின்னச் சின்ன மரப்பொம்மைகளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார். அவள் ஆசை ஆசையாகத் தீட்டினாள். ஒரு நிறத்துக்கு ஒரு குடும்பம், அப்பா, அம்மா, குழந்தைகள். எல்லாம் முடிந்ததும் தாய் கைக்கு அகப்பட்டதை அள்ளி, கப்பல் என்று வைத்திருந்த ஓர் அட்டைமேல் போட்டார். இந்தக் குழந்தையை விட்டுவிட்டாயே, இவளுடைய அப்பா இங்கேயே நிற்கிறாரே என்று மகள் பதறினாள். அவர்கள் விருப்பப்பட்டு ஏறவில்லை, யார் ஏறுவது என்பதும் அவர்கள் கையில் இல்லை என்றார் தாய். கடலைக் கடக்கப் பத்துச் சுற்று. உணவு 30 பங்கு. சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்டி, விழுகிற எண்ணிக்கை உணவைக் கழிக்க வேண்டும். பாதிக் கடலிலேயே சிறுமிக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. உணவு போதாது. என்ன செய்வது என்றாள். சிலரைக் கடலில் இறக்கிவிடலாம், அல்லது கரை சேர்வோம் என்று நம்பிக்கொண்டு போகலாம் என்றது பதில். அதன் பிறகுதான் அவள், இதெல்லாம் உண்மையாகவே நடந்ததா என்று கேட்டாள். அன்று மாலை அந்த வீட்டில் நடந்த உரையாடலில் பெரியவர்களும் அழுதார்கள்.

‘தி நியூ வேர்ல்ட்’ என்ற அந்த ஆட்டத்தின் தொடர்ச்சியாக 2009-இல் ரொமேரோ ‘டிரெயின்’ என்ற ஒன்றைச் செய்தார். உடைந்த கண்ணாடி பரப்பிய ஒரு ஜன்னல்தான் ஆடுகளம். அதன்மேல் தண்டவாளங்கள், சரக்குப் பெட்டிகள், மஞ்சள் நிறத்தில் சின்ன மர மனிதர்கள். பயணிகளைப் பெட்டியில் ஏற்றி ஊர் கொண்டுசேர்ப்பதுதான் விதி. போட்டி போட்டுக்கொண்டு திணித்து ஏற்றியவர்கள் கடைசியில் சீட்டைப் புரட்டினால், சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் போன்ற நாஜி வதைமுகாம் என்றிருக்கும். விஷயத்தை முன்னமே ஊகித்த சிலர், ரயிலைத் தடம் புரட்டவும் ஆட்களை ஒளித்து வைக்கவும் முயன்றார்கள். இந்த ஆட்டங்கள் அடங்கிய வரிசைக்கு ரொமேரோ வைத்த தலைப்பின் சாரம் இதுதான்: ஆட்டத்தின் விதிமுறையே அது சொல்லவரும் செய்தி.

அந்தத் தலைப்பில் அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை வேறொரு கேம் பட்ட பாட்டில் பார்க்கலாம். டென்மார்க்கின் சீரியஸ் கேம்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘பிளேயிங் ஹிஸ்டரி 2: ஸ்லேவ் டிரேட்’ என்ற கேமை 2013-இல் கொண்டுவந்தது. ரொமேரோ எடுத்துக்கொண்ட அதே வரலாறு, அதே கப்பல். அதில் ஒரு பகுதியில், டெட்ரிஸ் கட்டைகளைப் போலக் கைகாலை மடக்கிய மனித உருவங்கள் மேலிருந்து இறங்கும். அவற்றை இடைவெளி விடாமல் கப்பலின் அடித்தளத்தில் அடுக்க வேண்டும். மனிதர்களை எப்படி நெருக்கி அடைத்தார்கள் என்று காட்டுவதுதான் நோக்கம். 2015-இல் அது பலர் கண்ணில் பட்டது, கண்டனம் வெடித்தது. நிறுவனம் அந்தப் பகுதியை நீக்கியது.

நோக்கத்தில் குறையில்லை. வன்முறையின் அளவிலும் வேறுபாடில்லை. இரண்டிலும் கப்பலில் ஏற்றுவது நம் கைதான். எங்கே பிசகியது? டெட்ரிஸ் என்பது கச்சிதமாகப் பொருத்துவதில் மகிழ்ச்சி தரும் ஆட்டம். இடைவெளி இல்லாமல் கட்டை உட்கார்ந்ததும் மனம் துள்ளும். அந்த மகிழ்ச்சியை ஆட்டத்தின் எலும்புக்கூட்டில் வைத்துவிட்டு, மேலே துயரத்தின் படத்தை ஒட்டினால் ஒட்டாது. படம் அழச் சொல்கிறது, விதி சிரிக்கச் சொல்கிறது, விரல்கள் விதியின் பக்கம் போகின்றன. மரப்பொம்மை ஆட்டத்தில் ரத்தமில்லை, அலறல் இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு மகள் தன் கையால் வண்ணம் தீட்டிய பிறகு, 30 பங்கு உணவு என்கிற ஒரே விதி எல்லாவற்றையும் செய்துமுடித்தது. பாடம் வடிவமைக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த டென்மார்க் தவறைத்தான் செய்கிறோம் என்பது என் எண்ணம். பஞ்சமோ போரோ சாதிக் கொடுமையோ, பாடத்தில் உருக்கமான படம் இருக்கும். முடிவில் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ இருக்கும். மாணவன் எதைப் பொருத்தி மதிப்பெண் வாங்குகிறானோ அதைத்தான் கற்றுக்கொள்கிறான்.

உணர்ச்சி கலந்தது ஏன் மறப்பதில்லை என்பதற்கு மூளையிலிருந்தே விளக்கம் கிடைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் இர்வைனில் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்கா குழுவினர் செய்து 1994-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை அது. ஒரு சிறுவன் தாயோடு தந்தையைப் பார்க்கப் போகிறான் என்று படங்களை வரிசையாகக் காட்டிக் கதை சொன்னார்கள். சிலருக்குச் சொன்ன கதையில் ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குச் சொன்னதில், வழியில் சிறுவன்மேல் கார் மோதிப் படுகாயம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துக் கதை கேட்டவர்கள் அந்தப் பகுதியை மிகத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் கதை கேட்பதற்கு முன் புரோப்ரனலால் மாத்திரை விழுங்கியவர்களிடம் அந்தக் கூடுதல் நினைவு காணாமல் போயிருந்தது. ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் தருகிற சாதாரண மாத்திரைதான். அட்ரினலின் வகை ஹார்மோன்களின் வேலையை அது தடுக்கிறது. மனம் பதறும்போது சுரக்கும் அவை, மூளையில் பாதாம்பருப்பு அளவிலான அமிக்டலா என்ற பகுதி வழியாக, பக்கத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸை இதை விடாமல் பதிந்துகொள் என்று தூண்டுகின்றன. சாதாரணக் கதை கேட்டவர்களிடம் மாத்திரை எந்த மாற்றமும் செய்யவில்லை என்பதுதான் சோதனையின் அழகு. நினைவை அது கெடுக்கவில்லை, உணர்ச்சி தந்த கூடுதலை மட்டும் எடுத்துவிட்டது.

அப்படியானால் பதற வைத்தால் போதுமா என்றால், போதாது. 1987-இல் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் உடன் ஆய்ந்தவர்களும் ஓர் உணவகக் காட்சியைப் படங்களாகக் காட்டினார்கள். காசாளர் முன் நிற்பவர் கையில் ஒரு வடிவத்தில் காசோலை, இன்னொரு வடிவத்தில் துப்பாக்கி. துப்பாக்கி இருந்த காட்சியில் பார்த்தவர்களின் கண் அதிலேயே போய்ப் போய் நின்றது. பிடித்திருந்தவரின் முகத்தை அவர்களால் சரியாக அடையாளம் காட்ட முடியவில்லை. பயம் நினைவைக் கூர்மையாக்கும், அதே சமயம் குறுக்கிவிடும். கோரப் படங்களை அடுக்கி எடுக்கும் வகுப்பில் கோரம் நினைவிருக்கும், காரணம் மறந்துபோகும்.

கேம் செய்கிறவர்கள் இதைத் தொழிலிலேயே கற்றுக்கொண்டவர்கள். வால்வ் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ‘லெஃப்ட் 4 டெட்’ என்ற கேமில், நான்கு பேர் சேர்ந்து நடைப்பிணக் கூட்டத்திடமிருந்து தப்பிப் போக வேண்டும். விடாமல் சுடவேண்டிய கேம் என்றுதான் தோன்றும். உள்ளே ‘டைரக்டர்’ என்ற நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்று நொடிக்கு நொடி கணக்கு வைக்கிறது. அடிபட்டால் கணக்கு ஏறும், எதிரி மிக அருகில் வந்து செத்தாலும் ஏறும், ஒன்றும் நடக்காதபோது மெல்ல இறங்கும். கணக்கு உச்சத்தைத் தொட்டதும் டைரக்டர் புது எதிரிகளை அனுப்புவதை நிறுத்திவிடும். மூச்சு வாங்கவும், காயத்துக்குக் கட்டுப்போடவும், கூட வருகிறவரோடு நாலு வார்த்தை பேசவும் நேரம் கிடைக்கும். பிறகு மறுபடி ஏற்றம். உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் பூத் இந்த ஏற்ற இறக்கத்தை விரிவாகவே விளக்கியிருக்கிறார். தெருக்கூத்தில் துகில் உரியும் காட்சியின் உக்கிரத்துக்கு நடுவே கட்டியங்காரன் புகுந்து ஊரைச் சிரிக்க வைக்கிறானே, அதே கைத்திறன்தான். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அடுத்த உக்கிரத்தைத் தாங்க யாரிடமும் தெம்பு இருக்காது.

கேம்களில் கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த விடை எனக்கு இன்னும் பெரிய வியப்பு. ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, ரிச்சர்ட் ரயன் உள்ளிட்டோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில், ‘ஹாஃப் லைஃப் 2’ என்ற பிரபலமான சுடும் கேமிலிருந்து வன்முறையை எடுத்துவிட்டு ஒரு வடிவம் தயாரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லித்தரும் டுட்டோரியல் கொடுத்தார்கள். மற்றவர்களை நேரே இறக்கிவிட்டார்கள். சொல்லித்தராமல் இறக்கப்பட்டவர்கள்தான் எரிச்சலும் மூர்க்கமுமாக எழுந்து போனார்கள். ஒரு துளி ரத்தமில்லாத கேமில்! என்னால் இது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்றும் தெரியவில்லை என்கிற நிலைதான் அவர்களைச் சீண்டியது. கணக்குப் புத்தகத்தைச் சுவரில் எறிகிற பையனை நினைத்துக்கொள்கிறேன். அவன் கோபம் எண்கள்மேல் இல்லை. நல்ல கேம் முதல் பத்து நிமிடத்தில் ஆடுபவனுக்கு ஓடவும் குதிக்கவும் சொல்லித்தந்து, அவனால் வெல்ல முடிந்த ஒரு சிறு தடையை முன்னே வைக்கிறது. கடினமானது பிறகுதான். உணர்ச்சி மிகுந்த பாடத்துக்கு இந்த ஒழுங்கு இன்னும் அவசியம். தடுமாறி நிற்பவனிடம் இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது, தன்னைக் காத்துக்கொள்ளவே அவனுக்கு நேரம் போதாது.

குற்ற உணர்ச்சி நல்லதைச் செய்யுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ கிரிஸார்டும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் பயங்கரவாதியாகவும் இன்னொரு சாரார் ஐ.நா. படைவீரராகவும் சுடும் கேம் ஆடினார்கள். செயல் ஒன்றே, நியாயம் மட்டும் வேறு. பயங்கரவாதியாக ஆடியவர்களுக்குக் குற்ற உணர்ச்சி அதிகம் ஏற்பட்டது. அந்த உணர்ச்சி கூடக்கூட, பிறருக்குத் தீங்கு செய்வது, நேர்மை தவறுவது ஆகியவை குறித்த கூச்சமும் கூடியிருந்தது. கேட்கவே இதமாக இருக்கிறது. ஆனால் அவரே சகாக்களோடு 2017-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு கண்ணைத் திறக்கிறது. ஒரே கேமைத் தொடர்ந்து சில நாள் ஆட வைத்தால் குற்ற உணர்ச்சி நாளுக்கு நாள் தேய்ந்தது. கடைசி நாளில் வேறொரு கேமைக் கொடுத்தபோதும் அது முன்போல் எழவில்லை. உறுத்தல் ஒரு முறை ஆழமாகத் தைக்கும். பழகிவிட்டால் வெறும் பொத்தான் அழுத்தல்தான். ஆகவே இப்படிப்பட்ட பாடத்தை வாரா வாரம் நடத்தக் கூடாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டே போதும்.

வற்புறுத்தியும் இதை வரவழைக்க முடியாது. பெர்லினின் யாகர் நிறுவனம் உருவாக்கி 2012-இல் வெளிவந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ கேமில் எல்லாரும் பேசும் ஒரு கட்டம் உண்டு. மணலில் புதைந்த துபாயில், எதிரிப் படைமேல் நாம் வெள்ளை பாஸ்பரஸ் குண்டு வீச வேண்டும். மேலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் மனிதர்கள் வெறும் வெண்புள்ளிகள். குறிபார்க்கும் அந்தத் திரைக் கண்ணாடியில் சுடுகிறவனின் முகமும் மங்கலாகத் தெரிகிறது. சுட்டு முடித்து அந்தப் புகைக்குள் நடந்து போகும்போதுதான், எரிந்தவர்களில் அடைக்கலம் தேடியிருந்த பொதுமக்களும் உண்டு என்று தெரியவரும். பலரை உலுக்கிய காட்சி. ஆனாலும் ஒரு சாரார் கேட்ட கேள்விக்கு மதிப்புண்டு: வேறு வழி எதையும் நீங்கள் வைக்கவில்லையே, பிறகு என்னை ஏன் குற்றவாளி ஆக்குகிறீர்கள்? மறுக்கும் வாய்ப்பு இல்லாத இடத்தில் பழி வடிவமைத்தவன்மேல் திரும்பிவிடுகிறது. போலந்து கேமில் அந்த முதியவர் வீட்டைவிட்டு வெறும் பையோடு திரும்பிவர முடியும். திரும்பி வந்தால் நம் ஆள் பட்டினி கிடப்பார், ஆனாலும் முடியும். அந்தக் கதவு திறந்தே இருப்பதால்தான் எடுத்தது நம் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆட்டத்தைவிடப் பெரியது ஆட்டத்துக்குப் பின் நடப்பது. மருத்துவ மாணவர்களுக்குப் பொம்மை நோயாளியை வைத்து அவசரச் சிகிச்சை பழக்குகிற இடங்களில், பயிற்சி முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து என்ன நடந்தது, என்ன நினைத்தோம் என்று பேசுவது பயிற்சியின் பாகமாகவே இருக்கிறது. பேசாமல் அனுப்பினால் பதற்றம் மட்டும் வீட்டுக்குப் போகும். விலகிக்கொள்ளும் உரிமையும் எல்லாருக்கும் இருக்க வேண்டும். இலங்கைப் போரின்போது வன்னியில் பங்கருக்குள் ஒளிந்திருந்து தப்பிய குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம். அவனுக்கு முற்றுகை விளையாட்டு ஆடித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அவன் வெளியே போக விரும்பினால் காரணம் கேட்கக் கூடாது.

இவ்வளவையும் நம் வகுப்பறைக்குக் கொண்டுவர முடியுமா? தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சூறையாடிய பஞ்சம் அது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 55 லட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு ஒருநாள் கூலியாக ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு அது காணாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு, அந்தப் பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்கள் வெட்டியது.

இதை ஆட்டமாக்க, தானியத்துக்குப் பதிலாக ஒரு பை புளியங்கொட்டையும், சில அட்டைகளும் போதும். முதல் நாள் மாணவர்கள் ஆளுக்கொரு குடும்பத்தை எழுதட்டும், பெயர், வயது, தொழில், யாருக்கு யார் என்ன உறவு என்று. மறுநாள் அந்த அட்டைகளை வேறு குழுவிடம் கொடுங்கள். அவர்கள்தான் முகாம் எழுத்தர்கள். எளிதான ஒரு சுற்றை முதலில் வையுங்கள், கணக்கு எப்படி எழுதுவது என்று கை பழகட்டும். பிறகு கூலியைக் குறைத்து மேலிருந்து உத்தரவு வருகிறது. உத்தரவுப்படி எழுதலாம். கூடுதலாகக் கொடுத்துவிட்டு மேலதிகாரியிடம் பதில் சொல்லலாம். மறுத்துக் கடிதம் எழுதலாம். மூன்று கதவும் திறந்திருக்கட்டும், மூன்றுக்கும் ஒரு விலை இருக்கட்டும். கொட்டை தீரத்தீர அட்டைகளைக் கவிழ்த்து வைப்பது எழுத்தரின் வேலை. நடுவில் ஒருமுறை நிறுத்திப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விடுங்கள். கடைசியில், துறைமுகத்தில் அன்று கப்பலேறிய தானியத்தைப் பற்றிய தாளைப் படிக்கக் கொடுங்கள். டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதியதை அதற்குப் பிறகு கொடுங்கள். வெற்றி, தோல்வி, மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

சமூக அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு பாடத்தையாவது இப்படி நடத்திப் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் முடியாது. குடும்பம் எழுதும் நாள் போக, ஆட்டத்துக்கு ஒரு பீரியடும் பேச இன்னொன்றும் வேண்டும். அந்த இரண்டாவது பீரியடைக் கணக்கு வாத்தியாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பேசாதீர்கள். பிள்ளைகளில் யாராவது, இது உண்மையாகவே நடந்ததா சார் என்று கேட்பார்கள். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.